லட்சத்தில் ஐந்து பேர்

"இது மிகவும் அரிதான நோய் அம்மா" என்றார் மருத்துவர். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த பயாப்சி முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துக்கு முன்புதான் என் இடது தொடையிலிருந்து ஒரு கட்டியை அவர் எடுத்திருந்தார். "கொழுப்புக் கட்டிதான், முக்கால் மணி நேர வேலை" என்று சொல்லி, எம்.ஆர்.ஐ. எதுவும் பார்க்காமல் எடுத்தது. முடிவில் 'சார்கோமா' என்று இருந்தது, ஒரு வகைப் புற்றுநோய். வகையை உறுதிசெய்ய இயலவில்லை என்று கீழே ஒரு வரி.

அந்த வாரத்தில் 'அரிது' என்ற சொல்லை மூன்று பேரிடமிருந்து கேட்டேன். மருத்துவர் சொன்னதற்கு, "இதை நான் எதிர்பார்த்திருக்க முடியாது" என்று பொருள். தம்பி சொன்னான்: "அவ்வளவு அரிது என்றால் ரிப்போர்ட் தவறாக இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது அக்கா." அவனுக்கு அது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு. தூரத்து உறவில் ஒரு பெரியம்மா தொலைபேசியில், "அரிதான நோயாமே, உனக்கு மட்டும் எப்படி வந்தது?" என்றார். அதில் புதிரும் இருந்தது, லேசான புகாரும் இருந்தது.

நான் கணக்குத் தணிக்கை செய்பவள். 'செலவு குறைவு', 'இழப்பு அதிகம்' என்று எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். எதைவிடக் குறைவு, எத்தனையில் எத்தனை என்று கேட்பேன். இத்தனை ஆண்டு பழக்கம், சொந்த உடம்பு விஷயத்தில் மட்டும் சும்மா இருக்குமா? அன்றிரவு நோயைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால் நோயின் எண்ணிக்கையைத் தேட உட்கார்ந்தேன். அழுகையைத் தள்ளிப்போட அது ஒரு வழி என்று இப்போது தெரிகிறது. அப்போது அது வேலை என்றே நினைத்தேன்.

முதலில் கிடைத்த எண் எளிதாக இருந்தது. மென்திசு சார்கோமா, அதாவது கொழுப்பு, தசை போன்ற மென்மையான திசுக்களில் வருவது, ஓர் ஆண்டில் லட்சம் பேரில் நான்கு அல்லது ஐந்து பேருக்குப் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஐரோப்பாவில் லட்சத்தில் ஆறு பேருக்குக் குறைவாக வரும் புற்றுநோயை அரிய புற்றுநோய் என்று வகுத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குச் சற்றே கீழே இது நிற்கிறது. அமெரிக்காவில் 2024-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு சுமார் 13,600 பேர். அங்கே அந்த ஆண்டில் எல்லாப் புற்றுநோய்களும் சேர்ந்து 20 லட்சம். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது ஒரு சதவீதம் என்றுதான் பாடநூல்கள் எழுதுகின்றன.

நம் மொழியில் 'லட்சத்தில் ஒருத்தி' என்பது பாராட்டு. லட்சத்தில் ஐந்து பேர் என்றதும் எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. சிரித்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் பென்சிலை எடுத்தேன். இந்த ஐந்து, ஓர் ஆண்டின் ஐந்து. அடுத்த ஆண்டு வேறு ஐந்து பேர், அதற்கடுத்த ஆண்டு இன்னும் ஐந்து பேர். ஆண்டுக் கணக்கை ஆயுள் கணக்காக்கினால் என்ன ஆகும்? எண்பது ஆண்டுக்கு 400 பேர். லட்சத்தில் 400 என்றால் 250 பேரில் ஒருவர். எல்லாரும் எண்பதைத் தொடுவதில்லை, வயது கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது, ஆகவே இது முரட்டுக் கணக்கு. 250, 300 பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். அவர்களில் மூன்று நான்கு பேருக்கு வாழ்நாளில் என்றாவது ஒரு நாள் இது வரும். 'லட்சத்தில் ஐந்து' என்று கேட்டபோது எங்கோ தொலைவில் இருந்த நோய், 'பள்ளிக்கூடத்தில் மூன்று பேர்' என்றதும் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது. இரண்டும் ஒரே எண்தான்.

அடுத்து ஒரு முரண் கண்ணில் பட்டது. 13,600-ஐ 20 லட்சத்தால் வகுத்தால் 0.7 சதவீதம்கூட முழுதாக வரவில்லை. ஒரு சதவீதம் என்கிறார்களே, மீதி எங்கே? எங்கள் தொழிலில் இப்படி ஒரு இடைவெளியைப் பார்த்தால் தூக்கம் வராது.

மீதி வேறு பேரேட்டில் இருந்தது. புற்றுநோய்ப் பதிவேடுகளில் ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு குறியீடுகள் போடுகிறார்கள். ஒன்று இடத்துக்கு, இன்னொன்று திசுவின் தன்மைக்கு. பொதுமக்களுக்குத் தரும் பட்டியல்கள் பெரும்பாலும் இடத்தின் அடிப்படையில் தொகுக்கப்படுபவை: நுரையீரல், மார்பகம், கருப்பை, வயிறு. ஆனால் சார்கோமா இடத்தைச் சேர்ந்த நோயே இல்லை. கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை. அந்த வேர்தான் பெயரில் இருக்கிறது. உடம்பை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் எல்லாவற்றிலிருந்தும் இது வரலாம்: கொழுப்பு, தசை, இரத்தக் குழாய், நரம்பின் உறை, தசைநார். இவை இல்லாத உறுப்பு ஏது? கருப்பையின் தசையில் வந்த சார்கோமா, இடவாரிப் பட்டியலில் கருப்பைப் புற்றுநோய் என்ற தலைப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறது. 'மென்திசு' என்ற தலைப்பைக் கூட்டுபவர் அதைப் பார்ப்பதே இல்லை. எங்கள் மொழியில் சொன்னால், ஒரே செலவினம் பல துறைகளின் கணக்கில் சிதறிக் கிடக்கிறது.

இதைவிட விசித்திரம், தலைப்புகளே மாறிக்கொண்டிருப்பது. எழுபது, எண்பதுகளில் மிக அதிகமாகச் சொல்லப்பட்ட சார்கோமா வகை எது தெரியுமா? வீரிய நார்த்திசுக் கட்டி என்று தோராயமாகத் தமிழில் சொல்லக்கூடிய ஒன்று, மருத்துவர்கள் எம்.எஃப்.எச். என்று சுருக்கி அழைத்தார்கள். 1992-இல் ஒரு நோயியல் மருத்துவர் இந்த வகையறாவைச் சேர்ந்த 159 கட்டிகளின் திசு ஒட்டிய கண்ணாடித் தகடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். பெரும்பாலானவை வேறு வேறு நோய்கள். உருவத்தில் ஒன்றுபோல் கலைந்து கிடந்ததால் ஒரே பெயரில் சேர்ந்திருந்தவை. இருபது ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலிருந்து அந்தப் பெயரே எடுக்கப்பட்டது. மிகப் பரவலாக இருந்த நோய் காகிதத்தில் மறைந்துபோனது; ஒருவர்கூடக் குணமாகவில்லை.

எதிர்த்திசையிலும் நடந்தது. இரைப்பை, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் என்ற கட்டியை முன்பு சாதாரணத் தசைக் கட்டி என்றே எழுதி வந்தார்கள். 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அதை அடையாளம் காட்டும் சாயச் சோதனை பரவியது. 2002-இல் அமெரிக்காவில் அதற்கு மாத்திரையும் அனுமதிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. இப்போது அது பத்து லட்சத்தில் பத்து முதல் பதினைந்து பேர் என்ற கணக்கில் நிற்கிறது. அதற்கு முன்பும் நோய் இருந்தது, பார்க்கும் கண் இல்லை.

காப்போசி சார்கோமாவை எங்கே வைப்பது என்பதும் ஒரு சிக்கல். 1872-இல் விவரிக்கப்பட்டபோது அது முதியவர்களின் கால்களில் வரும் ஓர் அபூர்வம். 1981-இல் இளைஞர்களிடம் திடீரென்று தென்பட்டு, எய்ட்ஸ் என்று பிற்பாடு பெயர் பெற்ற நோயின் முதல் அறிகுறிகளில் ஒன்றானது. அதை உண்டாக்கும் வைரஸ் 1994-இல் பிடிபட்டது. ஆப்பிரிக்காவின் சில நாடுகளில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. அதைச் சேர்த்துக் கூட்டினால் அங்கே சார்கோமா அரிதே இல்லை. பல ஆய்வாளர்கள் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டே கூட்டுகிறார்கள். அது சரியா தவறா என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு எண்ணைப் பார்த்தால், உள்ளே யார் இருக்கிறார்கள், வெளியே யார் நிற்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

குழந்தைகளைப் பற்றிய எண் என்னைக் கொஞ்சம் கலங்கடித்தது. பெரியவர்களின் புற்றுநோய்களில் ஒரு சதவீதமாக இருப்பது, குழந்தைகளின் புற்றுநோய்களில் ஏறக்குறைய ஏழு சதவீதம். ஏழு மடங்கா என்று பதறிப்போனேன். பிறகு வகுத்தியைப் பார்த்தேன். குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருவதே மிகவும் குறைவு. நுரையீரலும் மார்பகமும் பெருங்குடலும் சேர்ந்து பெரியவர்களின் வகுத்தியை ஊதிவிடுகின்றன. அவை இல்லாத சிறுவர் கணக்கில் சார்கோமாவின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. தலைக்குத் தலை எண்ணினால் நோயாளிகளில் மிகப் பலர் அறுபதைக் கடந்தவர்கள்தான்.

சரி, என் தொடைக்கு வருகிறேன்.

அந்த மருத்துவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவர் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்ப்பதுதான் நியாயம். ஓர் ஆண்டில் பத்து லட்சம் பேரில் சுமார் 3,000 பேர் தீங்கற்ற மென்திசுக் கட்டியோடு மருத்துவரிடம் போகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டு நூலில் தரப்படும் மதிப்பீடு. அதே பத்து லட்சத்தில் சார்கோமா சுமார் 50. அறுபதுக்கு ஒன்று. கட்டியோடு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுபவர்களையும் சேர்த்தால் நூற்றுக்கு ஒன்று என்பதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரு பொது மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் சார்கோமாவை ஓரிரு முறைதான் பார்ப்பார் என்கிறார்கள். தோலுக்கடியில் உருளும் கட்டியைத் தொட்டுப் பார்த்து "கொழுப்புக் கட்டி" என்று சொல்பவர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகவே சொல்லியிருப்பார். அத்தனை முறை சரியாக இருந்த ஒருவருக்குத் தம்மேல் சந்தேகம் எப்படி வரும்?

ஆனால் அந்த நூறுக்கு ஒன்று, எல்லாக் கட்டிகளையும் கலந்து போட்ட கணக்கு. முழங்கையில் பட்டாணி அளவில் பத்து ஆண்டாகக் கிடக்கும் கட்டியும், தொடையின் ஆழத்தில் ஆறே மாதத்தில் வளர்ந்த கட்டியும் ஒரே கூடையில் இருக்கின்றன. ஐந்து சென்டிமீட்டரைவிடப் பெரிதா, வளர்ந்துகொண்டிருக்கிறதா, தசையின் உறைக்குக் கீழே ஆழத்தில் இருக்கிறதா, வலிக்கிறதா, முன்பு எடுத்த இடத்திலேயே திரும்ப வந்திருக்கிறதா: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே கத்தியைத் தொடுவதற்கு முன் ஸ்கேன், அதன் பின் ஊசியில் திசு எடுத்துச் சோதனை என்பதுதான் வழிமுறை. கேள்விகள் ஒவ்வொன்றாகக் கூடக் கூட, வகுத்தி நூறிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. என் கட்டி ஏழு சென்டிமீட்டர். ஆழத்தில் இருந்தது. உட்கார்ந்து எழும்போது காற்சட்டையின் ஒரு பக்கம் இறுக்கமாகிக்கொண்டே வந்ததைக் கவனித்துத்தான் நானே போனேன். வலி இல்லை. வலியில்லாத கட்டி நல்ல கட்டி என்று நானும் நினைத்திருந்தேன், அவரும் அதைத்தான் முதலில் கேட்டார். சார்கோமா பெரும்பாலும் வலிக்காது.

என்ன வகைக் கட்டி என்று அறியாமல் எடுத்துவிட்டால், எடுத்த வழியெல்லாம் செல்கள் சிந்தியிருக்கலாம் என்று கருதியே அடுத்த வைத்தியம் நடக்கும். எனக்கும் அதுதான். சார்கோமாவுக்கென்றே இருக்கும் ஒரு மையத்தில் முதலில் கதிர்வீச்சு, பிறகு இரண்டாவது அறுவை சிகிச்சை. முதல் தழும்பு, அதைச் சுற்றியிருந்த தசை, எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்தார்கள். முதல் முறையே திட்டமிட்டுச் செய்திருந்தால் இவ்வளவு சதை போயிருக்காது. படியேறும்போது இடது கால் இன்றும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் ஏறுகிறது.

அந்த மையத்தில் முதலில் செய்த காரியம், பழைய கண்ணாடித் தகடுகளை வாங்கி மறுபடி பார்த்ததுதான். தம்பி சொன்னதில் பாதி சரியாகிவிட்டது. ரிப்போர்ட் தவறாக இல்லை, முழுமையாக இல்லை. பிரான்சிலும் இத்தாலியிலும் நடத்தி 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சார்கோமா என்று முதலில் எழுதப்பட்ட முடிவுகளைச் சிறப்பு நிபுணர்கள் மறுபடி பார்த்தபோது, நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் ஏதோ ஒரு திருத்தம் தேவைப்பட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள், அவை ஒவ்வொன்றையும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரு சாதாரணப் பரிசோதனைக் கூடம் பார்க்கிறது, வேறென்ன நடக்கும்? என் திசுவில் 12-ஆம், 16-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஒட்டுக்கு ஒரே பொருள்தான்: மிக்ஸாய்டு லைப்போசார்கோமா. கொழுப்புத் திசுவின் வழியில் வரும் ஒரு புற்று. 'கொழுப்புக் கட்டி' என்று முதலில் சொன்னவர் ஒருவகையில் அருகில்தான் இருந்திருக்கிறார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். சாதாரணக் கொழுப்புக் கட்டி நாளாவட்டத்தில் புற்றாக மாறுவதாகப் பயப்பட வேண்டாம். லைப்போசார்கோமா பொதுவாகத் தொடக்கத்திலிருந்தே அதுவாகத்தான் வருகிறது. இன்னொரு கேள்வி, "எங்காவது அடிபட்டதா?" அடிபடுவதால் இது வருவதில்லை, அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கனவே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. முன்பு பெற்ற கதிர்வீச்சு, நீண்ட நாள் நிணநீர் வீக்கம், 1969-இல் லீ, ஃப்ராமெனி என்ற இருவர் விவரித்த குடும்ப மரபணுக் குறைபாடு போன்ற சில காரணங்கள் உறுதியாகத் தெரியும். பெரும்பாலோருக்கு எந்தக் காரணமும் கிடைப்பதில்லை. பெரியம்மாவின் "உனக்கு மட்டும் எப்படி" என்ற கேள்விக்கு நான் இன்னும் விடை வைத்திருக்கவில்லை. அவரும் இப்போது கேட்பதில்லை.

வகை தெரிந்ததும் மறுபடி பென்சில். லட்சத்தில் ஐந்து. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக லைப்போசார்கோமா. அதில் ஏறக்குறைய கால் பங்கு என் வகை. பத்து லட்சத்தில் இரண்டு பேர். பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் என்று நெருங்கி வந்த நோய், மறுபடியும் தொலைவுக்குப் போய்விட்டது.

அந்தத் தொலைவுக்கு ஒரு விலை உண்டு. மருந்தைச் சோதிக்க ஆட்கள் வேண்டும்; பத்து லட்சத்தில் இரண்டு பேரை எங்கே போய்த் திரட்டுவது? அதனால் பல காலம் எல்லா வகையையும் ஒரே சோதனையில் கலந்துபோட்டுப் பார்த்தார்கள், சராசரிதான் கிடைத்தது. பரவிய சார்கோமாவுக்கு முதலில் தருவது பெரும்பாலும் இன்றும் டாக்ஸோரூபிசின், எழுபதுகளின் மருந்து. பிரான்சில் 2010 முதல் சார்கோமா மையங்களை ஒரே வலையாக இணைத்தது போன்ற ஏற்பாடுகள் வந்த பிறகுதான் நிலைமை நகரத் தொடங்கியது. அரிய நோய்க்கு முதல் வைத்தியம், நோயாளிகளை ஒரே வாசலுக்கு வரவைப்பது. இன்னொன்றையும் ஐரோப்பியக் கணக்குகள் காட்டின: அரிய புற்றுநோய்கள் எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தப் புற்றுநோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அதில் அடங்குகிறார்கள். தனித்தனியே பார்த்தால் யாருமில்லாதவர்கள், கூட்டினால் பெருங்கூட்டம்.

மருத்துவமனைகளில் அபூர்வமான இந்த நோய், ஆய்வுக்கூடங்களில் ராஜமரியாதை பெற்றது என்பது எனக்குப் பிடித்த முரண். 1911-இல் பெய்ட்டன் ரூஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கோழியின் சார்கோமாவை அரைத்து வடிகட்டி, செல்லே இல்லாத அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. ஒரு வைரஸ் புற்றை உண்டாக்கும் என்பதை அப்போது அதிகம் பேர் மதிக்கவில்லை. நோபல் பரிசு 1966-இல் வந்தது, ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து. பிஷப், வார்மஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த வைரஸின் புற்று மரபணு உண்மையில் ஆரோக்கியமான செல்லிலிருந்து களவு போனது என்று 1976-இல் காட்டினார்கள். அந்த மரபணுவுக்கு 'சார்க்' என்று பெயர், சார்கோமாவின் சுருக்கம். எல்லாருடைய புற்றுநோயைப் பற்றிய நம் அறிவிலும் இந்த லட்சத்தில் ஐந்து பேரின் நோய்க்குப் பங்கு இருக்கிறது.

ஆறு ஆண்டாகிறது. இப்போது ஆண்டுக்கொரு முறை ஸ்கேன். என் வகை நுரையீரலுக்கு மட்டுமல்லாமல் முதுகெலும்புக்கும் போகக்கூடியது என்பதால் முதுகையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சென்ற முறை போனபோது, ஆவணப் பிரிவில் இருந்த இளம்பெண்ணிடம் ஒரு விஷயம் கேட்டேன். என்னைப் பதிவேட்டில் எப்படி எழுதியிருக்கிறீர்கள்? அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இதுவரை யாரும் கேட்டதில்லை போலும். நான் விளக்கினேன். திசுக் குறியீட்டில் கொழுப்புக் கட்டிக்கு 8850, சாய்கோடு, பூஜ்யம். லைப்போசார்கோமாவுக்கும் அதே 8850, சாய்கோடு, மூன்று. கடைசி இலக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. என் வகைக்கு 8852. முதல் ரிப்போர்ட்டின்படி யாராவது எழுதியிருந்தால் வகை தெரியாத சார்கோமா, 8800 என்று இருக்கும். அப்படியே விட்டிருந்தால் பத்து லட்சத்தில் இரண்டு பேரில் ஒருவர் குறைந்திருப்பார்.

"அவ்வளவு முக்கியமா அம்மா?" என்று கேட்டபடியே கணினியில் தேடினாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். இடம்: சி 49.2, கால். திசு: 8800, சாய்கோடு, மூன்று. அதற்கு நேரே ஒரு திருத்தக் குறிப்பு, என் இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு மறுவாரத் தேதியிட்டு: 8852, சாய்கோடு, மூன்று. திருத்தியவரின் சுருக்கொப்பமும் இருந்தது.